கடைசிப் பக்கத்தில் துடைப்பம் இல்லை

1

இது திருட்டுக் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை போனில் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதேக்கா" என்று சத்தியம் வாங்கிக்கொண்ட விஷயம். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. உங்களிடம்தான் விடுகிறேன்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"காற்றாலைகள் எல்லையற்ற நம்பிக்கையோடு சுழன்று" (சுழலட்டும், விடுங்கள்.)

"ஹைட்ரஜன் என்பது நிறமற்ற, மணமற்ற" (பாடப் புத்தகம்.)

"அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தீயைத் தேடிப் போனாள்."

மூன்றில் ஒன்று தேறியது. தங்கை வேலை பார்க்கும் ஆலையிலும் இதே கதைதான்.*

* காற்று வெளுத்து வாங்கும் மதியங்களில் மின்சாரம் மிஞ்சுகிறது, வாங்க ஆளில்லை. அதை வைத்துத் தண்ணீரைப் பிளந்து, வரும் ஹைட்ரஜனைத் தொட்டியில் அடைத்து வைக்கிறார்கள். காற்று படுத்துவிட்ட நாளில் அதிலிருந்து மறுபடி மின்சாரம். போட்டது மூன்று பங்கென்றால் திரும்புவது ஏறக்குறைய ஒன்று. "அப்புறம் எதுக்குடி இந்தப் பாடு?" என்றேன். "சும்மா விட்டா மூணும் போயிடும்க்கா" என்றாள்.

2

துடைப்பத்தை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, அனலும் பெரிதாக அடிக்காது. கண்டுபிடிக்கக் கருவி உண்டு. கருவி மக்கர் பண்ணும் நாளில், குழாய் ஓரமாக ஒருவர் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடக்க வேண்டும். துடைப்பம் எங்கே பற்றுகிறதோ அங்கே நெருப்பு.

நடப்பது என் தங்கை.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், சின்னவள் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான். அம்மாவோ அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து மறுபடி பார்க்கிறவள். உண்மை தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே போய் மகளைக் கையோடு கூட்டிவந்துவிடுவாள். தங்கைக்கு அந்த வேலைதான் உயிர்.

3

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, நல்ல வெயில். கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. மூன்றாம் வால்வை நோக்கித் தங்கை அடிமேல் அடி வைத்து நடக்கிறாள். அவளுக்குப் பயமாக

("எனக்கு ஒண்ணும் பயமில்ல, அதை அடி" என்பாள். அடித்துவிட்டேன். ஆனாலும் இருந்திருக்கும்.)

ஒன்றுமே இல்லாத இடத்தில் துடைப்பத்தின் நுனி பற்றிக்கொண்டது. நின்றாள். பின்னால் கை காட்டினாள். குழாயை மூடினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"துடைப்பம் எவ்வளவு நீளம்டி?"

"நம்ம வீட்டுத் துடைப்பம் அளவுதான்."

போனை வைத்துவிட்டு எங்கள் வீட்டுத் துடைப்பத்தை எடுத்து முழம் போட்டுப் பார்த்தேன்.

4

சிக்கல் என்னவென்றால், நான் எழுதுவதையெல்லாம் அம்மா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். முடிவு பிடித்தால் முதல் பக்கத்துக்கு வருவாள். பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அதனால் வேண்டுமென்றே இப்படி முடித்தேன்:

"ஆகவே, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைப்புகளில் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தியின் பங்கு மிகவும் முக்கியமானதாகும்."

மேஜைமேல் வைத்தேன். அம்மா கடைசித் தாளை எடுத்துப் படித்தாள், கொட்டாவி விட்டாள், கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னடி இது, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தாள்களை அங்கேயே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

5

நாலு நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மாகிட்டருந்து பார்சல் வந்திருக்கு."

"என்னது?"

"துடைப்பம். என் உயரத்துக்குக் கம்பு வெச்சுக் கட்டியிருக்காங்க. லெட்டர் எதுவும் இல்ல."

(கடைசிப் பக்கத்துக்கும் துடைப்பம் வந்துவிட்டது. தலைப்பு பொய்யாகிறது. கிடக்கட்டும்.)

அம்மா சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டதைச் சொல்லிவிடுவாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பஸ் ஏறாமல் இருக்க அவளால் முடியாது. ஆகவே நான் கேட்கப்போவதில்லை. முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே போய்க் கேளுங்கள், அம்மா அங்கேதான் நிற்கிறாள். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.