ஓடையில் ஏதண்ட இல்லை

...வந்திருக்க வேண்டும், துரைமார் தங்குகிற கற்பிட்டி வாடிவீட்டிலிருந்து பாலத்துக்கு இடம் பார்க்க மோட்டாரில் வருகிற இஞ்சினியர் துரைக்கு இவ்வளவு நேரம் என்ன வேலை, மழையில் எங்காவது சில்லுப் புதைந்துவிட்டதோ, இல்லை இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி கேட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறானோ... ஸலாஹுதீன் குடையைச் சரித்துப் பிடித்து அக்கரையைப் பார்த்தார். அக்கரையில் கிரவல் போட்ட றோட்டு, இக்கரையிலும் கிரவல் போட்ட றோட்டு, இரண்டும் அவர் போட்டவை, கிராமச் சங்கத்துக்குச் சேர்மன் ஆன நாளிலிருந்து இந்த மீன்பிடிச் சனங்களைக் கெஞ்சியும் அதட்டியும் கூலியில்லாமல் கல் சுமக்க வைத்துப் போட்டவை. நடுவில் ஓடை. றோட்டு ஊரின் பங்கு, பாலத்தில் பாதி ஜில்லாக் கமிட்டியின் பங்கு, மற்றப் பாதி கொழும்பின் பங்கு. கொழும்பு தந்தால் நாங்கள் தருவோம் என்று ஜில்லா, ஜில்லா முதலில் தரட்டும் என்று கொழும்பு, நல்ல சம்பந்திகள்... ஓடை மட்டும் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல், மாரித் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கலங்கிச் சுழித்துக் கடலோரக் களப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால், மாட்டுவண்டிக்குள், பேதுருவின் பெண்சாதி பவுலினா முனகினாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், திரும்பிப் பார்த்தார். வண்டியின் பின்பக்கம் தொங்கவிட்ட சேலை நனைந்து ஒட்டிக் கிடந்தது, அதற்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் தெரிந்தது, பாதம் வெளிறிப்போய்... மருத்துவிச்சி அல்பொன்சா வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள். "பிள்ளை குறுக்கால கிடக்குது முதலாளி. என்ர கையால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி ரெண்டு உசிரும் போயிரும்." இன்றைக்கா, எல்லா நாளையும் விட்டு இன்றைக்கா? நேற்று வரை இந்த ஓடைக்குக் குறுக்கே ஏதண்ட இருந்தது, பனங்குற்றிகளைச் சேர்த்துக் கட்டிப் போட்டது, காய்ச்சல்காரரைக் கதிரையில் இருத்தி அதன்மேல்தான் தூக்கிப் போவார்கள். அந்த ஏதண்டதான் போன வருஷம் காலை வாரிவிட்டது. பார்க்க வந்த துரை சப்பாத்து நனையாமல் அதன்மேல் நடந்து வந்தான், இளநீர் குடித்தான், நல்ல மனுஷனாகச் சிரித்தான், போய் என்ன எழுதினான்? சனங்களுக்குக் கடக்க வழி உண்டு, பாலத்துக்கு அவசரமில்லை. வழி உண்டாம்! அதனால்தான் நேற்றுப் பின்னேரம் அதைக் கழற்றச் சொன்னார், ஓடைக்குள் கிடந்த சின்னத் தோணியையும் கடற்பக்கம் இழுத்துப்போக வைத்தார், செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா... குற்றிகளைத் தூக்கித் தாழம்பற்றைக்குப் பின்னால் மறைத்தவர்களில் முன்னுக்கு நின்றவன் பேதுரு. "சீமெந்துப் பாலத்தால போய்ப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுப்பம் முதலாளி" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், அவரும் கூடச் சிரித்தார்.

அதே பேதுரு இப்போது தலைத்துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். "முதலாளி, குத்தியளத் திருப்பிப் போடட்டா? ஆக்கள் நிக்கிறாங்க." ஏன் கேட்கிறான்? அவனுடைய பெண்சாதி, அவன் தறித்த பனை, கேட்காமல் போட்டிருந்தால் நான் தடுத்திருப்பேனா... தடுத்திருக்க மாட்டேன், அல்லாஹ் அறிய மாட்டேன். கேட்டுத் தொலைத்துவிட்டான், இனிப் பதில் சொல்ல வேண்டும். "கொஞ்சம் பொறு பேதுரு. அந்தப் பக்கம் தூக்கிப் போனாலும் அங்க வண்டிக்கு எங்க போற? தொரைட மோட்டார் இப்ப வந்துரும், அதுலயே ஏத்தி அனுப்புவம். சுருக்காப் போயிரலாம்." பேதுரு தலையாட்டினான். பொய்யில்லை, வண்டி ஓடையைத் தாண்டாது, அக்கரையிலிருந்து தோளில் சுமந்து போனால் ஆஸ்பத்திரி எப்போது வரும்... பொய்யில்லைதான், ஆனால் எவ்வளவு கச்சிதமாக வாயில் வந்து விழுந்தது. குற்றிகளை இப்போதே போட்டுவைத்தால், மோட்டார் வந்ததும் ஒரு நொடி பிந்தாமல் அவளைத் தூக்கிப் போகலாமே? பேதுரு அதை நினைக்கவில்லை, அல்லது நினைத்தும் சொல்லப் பயந்தான். ஸலாஹுதீன் நினைத்தார், சொல்லவில்லை.

சொன்னால் எல்லாம் போய்விடும். சீமையில் சண்டை தொடங்கிவிட்டது, இனிக் கப்பலில் இரும்பும் வராது சீமெந்தும் வராது, இந்த மாரிக்குள் கையெழுத்து விழாவிட்டால் சண்டை முடிந்த பிறகு வா என்பார்கள், அது எப்போது முடியும், முடியுமா... அதுவரை எத்தனை பெண்கள் இந்தக் கரையில் கிடப்பார்கள், அவர்களுக்காக ஒருத்தி, கொஞ்ச நேரம்... சீ! என்ன மனம் இது? என் மகள் சித்தி லெய்லா அந்த வண்டிக்குள் கிடந்தால் இப்படிக் குடை பிடித்துக்கொண்டு நிற்பேனா? நிற்க மாட்டேன், இந்தத் தாழம்பற்றையைக் கையாலேயே பிய்த்திருப்பேன். வெட்கமாக இருந்தது. சரி, போடச் சொல்லிவிடலாம், பாலமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பேதுரு என்று கூப்பிட வாயைத் திறந்தார், அந்த நேரம் பார்த்து அக்கரையில் ஒரு இரைச்சல்... மோட்டாரா? காற்று. தென்னைக்குள் காற்று. திறந்த வாயை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இவ்வளவும் பொறுத்தாயிற்று. வண்டிக்காரன் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான், மழை குடையில் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு உண்மையிலேயே மோட்டார் வந்தது. தென்னைகளுக்கு நடுவால் கறுப்பாக, சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து அக்கரை விளிம்பில் நின்றது. பேதுரு இந்தமுறை கேட்கவில்லை, தாழம்பற்றையை நோக்கி ஓடினான், மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். துரை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து ஓடையை மேலும் கீழும் பார்த்தான், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், ஏதண்ட இல்லை, தோணி இல்லை, வழி இல்லை... ஸலாஹுதீன் தொண்டையைச் செருமினார். ஏதண்ட வெள்ளத்தில் போய்விட்டது என்று இராமுழுக்கச் சொல்லிப் பார்த்த இங்கிலீசு வசனம் நாக்கில் வந்து நின்றது. அப்போதுதான் வண்டிக்குள் சத்தமே இல்லை என்று தெரிந்தது. எப்போதிருந்து இல்லை? காற்றுக்கு முன்பா, பின்பா? அவருக்குத் தெரியவில்லை, இவ்வளவு நேரமும் அவருடைய காது அக்கரையில்தான் கிடந்தது. துரை இங்கே பார்த்தான். இந்தத் தூரத்துக்கு அவனுக்கு என்ன தெரியும், மழைக்கு ஒதுங்கிய ஒரு வண்டி, வெறும் வண்டி என்று நினைத்துவிட்டால்? கத்து பவுலினா... ஒருதரம் கத்து மகளே, அவனுக்குக் கேட்கட்டும்... கேட்டுக்கொண்டது தன் மனம்தான் என்று புரிந்தபோது குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அறியத்தான் அப்படி நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், ஆனால் முதலில் ஞாபகம் வந்தது துரையின் காது, அவளுடைய உயிர் அதற்குப் பிறகுதான் வந்தது.