பந்தி வஞ்சனை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே லோகப்பிரியா பார்த்துவிட்டாள். மூன்று பூனைத் தட்டுகளும் கூடத்தில் ஒரே வரிசையில் இருந்தன. மூன்றும் நக்கித் துடைத்தாற்போலக் காலி.

அந்த வீட்டில் தட்டுகள் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. பல் கொட்டிப்போன கிழவிக்குச் சமையலறையில் மசித்த கோழி. குட்டி துணுக்குக்கு மாடிப்படி அடியில் மொறுமொறு தீனி. செவலைக்கு மட்டும் அறைக்குள், கதவைச் சாத்தி, டாக்டர் எழுதிக்கொடுத்த டப்பாச் சாப்பாட்டைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வைக்க வேண்டும். செவலை கடுவன். தை மாதம் கல் அடைத்து மூத்திரம் நின்று, பிழைத்து வந்ததே பெரும்பாடு. அன்றைக்கே டாக்டர் சொல்லியனுப்பினார்:

"கருவாடு, காஞ்ச தீனி ரெண்டும் வாசத்துக்குக்கூட வேண்டாமுங்க. மறுபடி அடைச்சுதுன்னா வலியில கத்துவான். கத்தற வரைக்கும் நேரமிருக்குது, தூக்கியாந்துருங்க. கத்தாம ஓஞ்சுட்டான்னா எங்கையில ஒண்ணுமில்லீங்க."

தாராபுரத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பூவாத்தாளிடம் இதையெல்லாம் தட்டுத் தட்டாகக் காட்டிவிட்டுத்தான் போனாள். போனில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "எல்லாஞ் சாப்பிட்டுதுங்க அம்மணி."

"நங்கையா, தட்டு ஏன் இங்க இருக்குது?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"வா கண்ணு. பந்தியெல்லாம் நெறவா இருந்துச்சா?"

"தட்டுங்க நங்கையா."

"அதா. ஒருத்திக்குக் கோழி, ஒருத்தனுக்குக் கூழு. ஒரே ஊட்டுல பந்தி வஞ்சன பண்ணலாமா? கதவுக்குப் பின்னால இருந்து செவல கத்தறான். எனக்கு மனசு கேக்குல. எல்லாத்தையும் ஒண்ணாப் பெசஞ்சு, நெத்திலிக் கருவாடு வறுத்து உதுத்து, மூணுக்கும் சமமா வெச்சேன். வரிசையா உக்காந்து தின்னத நீ பாக்கோணுமே."

"ரெண்டு நாளுமா?"

"பின்னே, ஒரு நாள் விருந்து வெச்சு மறுநாள் பட்டினி போடுவாங்களா?"

பெட்டியை இறக்கிய அவள் கணவன் மதன்குமார் சொன்னான்: "அக்கா, அவ சொல்லிட்டுத்தான போனா?"

"நீ பேசாத தம்பி. சின்ன வயசுல உன்ற தட்டுல பாதி முட்ட கொறஞ்சா ஊரக் கூட்டுனவன் நீ."

"செவல எங்கீங்க?" என்றாள் லோகப்பிரியா.

"மண்ணுத் தட்டத்துல. நேத்துப் பொழுதோட இருந்து அதுலயேதான் குந்தியிருக்கான். வயித்துக் கடுப்பாட்ட இருக்குதுன்னு இன்னுங் கொஞ்சம் கருவாடு சேத்திப் போட்டேன். மோந்து பாத்துட்டுச் சின்னவளுக்கு உட்டுக் குடுத்துட்டான். தங்கமான பய."

பூனைகள் வெளிக்குப் போகும் தட்டில் மணல் காய்ந்து கிடந்தது. செவலை முதுகைக் குறுக்கி உட்கார்ந்து முக்கினான். எழுந்தான், கிளறினான், வேறு மூலையில் உட்கார்ந்தான். ஒரு சொட்டு விழவில்லை. லோகப்பிரியா அடிவயிற்றில் கை வைத்தாள். எலுமிச்சங்காய் கணக்காய்க் கெட்டியாக இருந்தது. அவன் அடித்தொண்டையிலிருந்து கத்தினான். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏனுங்க, வண்டிய எடுங்க."

பூவாத்தாள் துண்டோடு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என்ற மடியில குடு அம்மணி. நாந்தான் போட்டேன், நானே புடிச்சுக்கறேன்."

திருச்சி ரோட்டில் வண்டிகள் நெரிந்து நின்றன. பின்சீட்டில் செவலை கத்திக்கொண்டே வந்தான். லோகப்பிரியா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு மறு காதைப் பின்னால் கொடுத்திருந்தாள்.

"கத்தறானுங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"கத்தறானுங்க."

"அப்ப வாங்க. எல்லாம் எடுத்து வெக்கறேன்."

சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. போனை மடியில் வைத்த பிறகுதான் கவனித்தாள். பின்னால் சத்தமில்லை.

"பாத்தியா அம்மணி," பூவாத்தாளின் குரல் இளகியிருந்தது. "தடவிக் குடுத்துட்டே வந்தேன். கத்தறத நிறுத்திப்போட்டான். சொகமாத் தூங்கறான்."

லோகப்பிரியா திரும்பவில்லை. மதன்குமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"அலுங்காமப் போ தம்பி," என்றாள் பூவாத்தாள். "முழிச்சுக்கப் போறான்."