விட்டுப்போன மூன்று பேர்

விற்பனைத் தலைவர் டேல் ஷ்ரோடர் வேலையை விட்டபோது தனியாகப் போகவில்லை. விற்பனைப் பிரிவில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு, ஃபார்கோவில் இருந்த போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஆறு மேசைகள் துடைத்துவிட்டது போல் காலியாகக் கிடந்தன.

முதலாளி பியர்மன், லோர்னா ஹேகடார்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லோர்னா பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனியில் தொலைபேசி எடுப்பவள். கம்பெனி இருந்த அபர்டீனைச் சுற்றி நூறு மைலுக்குள் எந்தப் பண்ணை வீட்டில் தண்ணீர் இயந்திரம் கெட்டுப்போனாலும் திட்டு முதலில் அவள் காதில்தான் விழும். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி மூன்று சலவையில் துருவேறிவிடும். உப்பைக் கொண்டு அதை மென்மையாக்கித் தரும் இயந்திரங்களைத்தான் கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது.

"இனிமே பிரிவை நீ பாத்துக்கோ லோர்னா," என்றார் பியர்மன்.

"நானா? எனக்கு விக்கத் தெரியாதே."

"விக்கத் தெரிஞ்சவங்கதான் போயிட்டாங்களே. மிச்சம் மூணு பேரு இருக்காங்க. பனி விழறதுக்குள்ள பிரிவு எழுந்து நிக்கணும். இல்லேன்னா இழுத்து மூடிட்டு ரிப்பேர் வேலையோட நிறுத்திக்கலாம்."

அந்த மூன்று பேரையும் டேல் ஏன் கூப்பிடவில்லை என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். கேலன் ஷ்மிட்கேக்கு அறுபத்தொரு வயது. நிலத்தை விற்றுவிட்டு வந்த விவசாயி. பாதி வீடுகளில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "உங்களுக்கு இது வேண்டாங்க, இருக்கற தண்ணியே போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறவர். கர்ட்டிஸ் ஹாகனுக்கு முப்பத்தைந்து. எந்தக் கதவையும் திறக்கவைப்பான். ஆனால் திறந்த கதவு சாத்தும் வரை பேசிக்கொண்டே இருப்பான். ஜோயல் அமியாட் ஒரு மோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவள். பழங்குடியினருக்கான ரோஸ்பட் ரிசர்வேஷனில் பிறந்த லக்கோட்டாப் பெண். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

முதல் வாரம் லோர்னா டேல் செய்ததையே செய்து பார்த்தாள். காலை எட்டு மணிக்குக் கூட்டம், சுவரில் வரைபடம், எல்லாரும் எழுந்து நின்று அன்றைய இலக்கைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"இன்னிக்கு ரெண்டு!" என்று கத்தினான் கர்ட்டிஸ். "ரெண்டு டோனட். ஏற்கெனவே சாதிச்சாச்சு பாஸ்."

கேலன் மட்டும் சிரித்தார். ஜோயல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். லோர்னாவுக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருடைய காரிலும் இரண்டிரண்டு நாள் கூடவே போனாள். பெட்டியைத் தூக்குவது, வாசலில் நிற்பது, வாயைத் திறக்காமல் பார்ப்பது, இவ்வளவுதான் செய்தாள். ஒன்றும் விற்கவில்லை. கையில் இருந்த சின்ன நோட்டில் மட்டும் ஏதேதோ எழுதிக்கொண்டாள். 'கேலன் தரையில் மண்டியிட்டுக் குழாய்க்கு அடியில் பார்க்கிறார். வேறு யாரும் பார்ப்பதில்லை.' 'ஒரு வீட்டுக் கிழவி வாய்விட்டுச் சொல்லாததையும் ஜோயல் கேட்டுவிட்டாள்.' கர்ட்டிஸைப் பற்றி எழுதியது ஒரே வரி: 'நாய் கூட இவனிடம் வருகிறது.'

செப்டம்பர் நடுவில் ஒரு தொலைபேசி வந்தது. பழக்கத்தில் லோர்னாவே எடுத்தாள்.

"கூஸ் பெண்ட்லேருந்து ஏலியாஸ் ஹோஃபர் பேசறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால உங்க ஆளு ஒருத்தர் வந்தாரு. நாங்க கேட்டதை விக்க மாட்டேன்னுட்டாரு."

லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, அது வந்து..."

"'இந்தச் சின்ன மிஷின் நூத்திப் பத்துப் பேருக்குத் தாங்காது, வாங்காதீங்க'ன்னாரு. நாங்க வேற ஒருத்தன்கிட்ட வாங்கினோம். நாலு மாசத்துல போயிடுச்சு. அந்த வேண்டாம்னு சொன்ன ஆளு இன்னும் இருக்காரா?"

கூஸ் பெண்ட் ஒரு ஹட்டரைட் கிறிஸ்தவக் குடியிருப்பு. நிலம், வீடு, வண்டி எல்லாம் பொதுவில் வைத்து, ஒரே சமையலறையில் பொங்கி, ஒரே கூடத்தில் சாப்பிடுகிற ஜனங்கள். தங்களுக்குள் பழைய ஜெர்மன் பேசுவார்கள். டேல் அந்தப் பக்கமே போனதில்லை. 'எட்டு ஆம்பளைங்க கூடி யோசிச்சு, எட்டு மாசம் கழிச்சு வேண்டாம்பாங்க' என்பார்.

லோர்னா மூன்று பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். பேசப்போவது தான்தான் என்று முடிவு செய்திருந்தாள். தலைவி என்றால் அதுதானே வேலை? டேல் பேசுகிற முறையை இரண்டு நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தாள்.

குடியிருப்பின் கணக்கு வழக்கைப் பார்க்கிற ஏலியாஸின் அலுவலக அறையில் கறுப்புக் கோட்டும் தாடியுமாக எட்டுப் பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போதகர் யாக்கோப் வால்ட்னர். லோர்னா ஆரம்பித்தாள். குடும்ப நலம் என்றாள், எதிர்காலம் என்றாள், உத்தரவாதம் என்றாள். எட்டு முகங்களில் ஒன்றில்கூட ஒரு சுருக்கம் அசையவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல் இருந்தது அவளுக்கு.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஏலியாஸ் கேட்டார். "மிஷினைக் கழுவற உப்புத் தண்ணி எங்க போவும்?"

டேலின் பாடம் அவளுக்கு மனப்பாடம். தெரியாது என்று ஒருபோதும் சொல்லாதே. 'நல்ல கேள்வி' என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குத் தாவு. 'நல்ல' என்பது வரைக்கும் வாயில் வந்துவிட்டது. எதிரில் இருந்த எட்டு ஜோடிக் கண்களைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "இதுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மனப்பாடம் பண்ணினதுதான். கேலனுக்குத் தெரியும். கேலன், நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நோட்டை மடியில் பிரித்து வைத்துக்கொண்டாள்.

கேலன் எழுந்து நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு ஏலியாஸ் பக்கத்தில் போனார். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைத் துணி துவைப்பீர்கள், வாத்து உரிக்கிற நாளில் எவ்வளவு வெந்நீர், காய்கறித் தோட்டம் சரிவுக்கு மேலேயா கீழேயா என்று கேட்டுக்கொண்டே ஒரு காகிதத்தில் கோடு போட்டார்.

"தோட்டம் கீழதான் இருக்கு," என்றார் ஏலியாஸ்.

"அப்போ வம்புதாங்க. அந்த உப்புத் தண்ணியை இப்ப இருக்கற குழாய்லயே விட்டீங்கன்னா ரெண்டே வருஷத்துல உருளைக்கிழங்கு வராது. தனியா ஒரு குழாய் ரோட்டைத் தாண்டி இழுக்கணும். செலவுதான், வேலையும் ஜாஸ்தி. அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க கிளம்பிடறோம்."

போச்சு, என்று நினைத்தாள் லோர்னா. ஆனால் நடந்தது வேறு. சுவரோரம் இருந்த மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தன. ஒருவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். இன்னொருவர் பென்சிலை வாங்கிக் கோட்டை அழித்து, பன்றிக்கொட்டகை வழியாக வேறு கோடு போட்டார். போதகர் எழுந்து வந்து கேலனின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். தான் இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று உணர்ந்தபோது, ஆச்சரியமாக, லோர்னாவுக்கு அது அவமானமாக இல்லை.

அப்போதுதான் மற்ற இரண்டு பேரும் அறையில் இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது. யாரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்? நெஞ்சில் கோபம் குபுக்கென்றது. சத்தம் இல்லாமல் எழுந்து வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, நீராவி வருகிற கட்டடத்தை நோக்கி நடந்தாள்.

அது சமையலறை. ஆள் உயரக் கொப்பரைகள், வரிசையாகக் கழுவு தொட்டிகள், தரையில் வெள்ளை ஓடுகள், தண்ணீர் ஓடுகிற இடத்திலெல்லாம் பழுப்புத் தடம். புள்ளிபோட்ட கறுப்புத் தலைத்துணி கட்டிய பெண்கள் பதினைந்து இருபது பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஜோயல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தலைமைச் சமையல்காரி ரெபேக்கா, ஏலியாஸின் மனைவி. கையில் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள், ஒன்றில் அவர்கள் தண்ணீர், ஒன்றில் மென்னீர், இரண்டிலும் நாலு சொட்டுச் சோப்பு. அந்தச் சோதனையை டேல் ஆயிரம் தடவை செய்திருப்பார், ஒரு வித்தைக்காரனைப் போல. ஜோயல் செய்யவில்லை. பாட்டில்களை ரெபேக்காவிடம் கொடுத்திருந்தாள்.

"நீங்களே குலுக்கிப் பாருங்க."

ரெபேக்கா குலுக்கினாள். ஒன்றில் கலங்கல் திரிந்தது. மற்றதில் நுரை மூடி வரைக்கும் பொங்கியது. பாட்டில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. எல்லாரும் குலுக்கினார்கள்.

"இதெல்லாம் சரி," என்றாள் ரெபேக்கா. "இதுல காப்பி எப்படி இருக்கும்?"

"தெரியலையே," என்றாள் ஜோயல். "போட்டுப் பாக்கலாமா? வேன்ல இன்னும் ரெண்டு கேன் இருக்கு."

போட்டார்கள். ஆளுக்கு ஒரு வாய். 

"த்தூ!" என்றாள் ஒரு வயதான பெண். "ரெபேக்கா, இது காப்பியா, காலைக் கழுவின தண்ணியா?"

சமையலறை முழுக்கச் சிரிப்பு. ரெபேக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜோயலும் சிரித்தாள். லோர்னா அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாவே இல்லை," என்றாள் ஜோயல். "அப்போ காப்பிக்கு மட்டும் பழைய தண்ணிக் குழாய் ஒண்ணு விட்டுவைக்கச் சொல்லுங்க. எங்க ஊர்லயும் இதே தண்ணிதான். எங்கம்மா கையும் இப்படித்தான் வெடிச்சிருக்கும்." அவள் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையை மெல்லத் திருப்பினாள். விரல் கணுக்களில் செக்கச்செவேலென்று கீறல்கள். "ராத்திரி எரியுமா?"

அந்தப் பெண் ஆமென்று தலையை ஆட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, தன் குழந்தையின் துணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அடுத்தவள் தொடர்ந்தாள். ஜோயல் ஒரு வார்த்தையும் இடையில் போடவில்லை.

கர்ட்டிஸ் உருளைக்கிழங்கு தோல் சீவுகிற மேசையில் ஒரு கத்தியோடு உட்கார்ந்திருந்தான். வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்தான். அவன் லூத்தரன் சர்ச்சில் பாடுகிறவன். ஜெர்மன் துதிப்பாட்டு ஒன்று வாய்க்கு வந்திருக்கிறது. இரண்டாவது அடியில் அவனுக்குச் சொல் மறந்துவிட்டது. எதிரில் இருந்த பெண் எடுத்துக்கொடுத்தாள். அவளோடு இன்னொருத்தி சேர்ந்தாள். கொப்பரைப் பக்கமிருந்து ஒரு கனத்த குரல், தொட்டிப் பக்கமிருந்து மெல்லிய ஒன்று. யாரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த ஓடு பதித்த அறை முழுவதும் ஒரே குரலாகி, மெல்ல மெல்ல எழுந்து கூரையைத் தொட்டது.

வாசற்படியில் நின்ற லோர்னாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கர்ட்டிஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் அடக்கத் தேவைப்படவில்லை. 

அன்றைக்கு எதுவும் விற்கவில்லை. குடியிருப்பு முடிவுகளில் பெண்களுக்கு ஓட்டும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டின்போது ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். ரெபேக்கா காப்பிப் பாத்திரத்தோடு ஏலியாஸ் பக்கம் வந்து ஜெர்மனில் இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனாள். ஏலியாஸ் கேலனிடம் திரும்பினார். "வியாழக்கிழமை வந்து அந்தக் குழாய்ப் பாதையை நடந்து பாக்க முடியுமா? காப்பிக்கு ஒரு பழைய குழாயை விட்டுவைக்கணுமாம்."

திரும்பும் வழியில் வேன் இருபது மைல் தாண்டியிருக்கும்.

"சொல்லாம போனதுக்குத் திட்டணும்னா திட்டிடுங்க பாஸ்," என்றான் கர்ட்டிஸ். "அந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுச்சு. ஜோயல்தான் சமையல்கட்டுல பேசணும்னு சொன்னா. கதவைத் தட்டறதுக்கு நான் கூடப் போனேன்."

"நான் திட்டலை," என்றாள் லோர்னா. "நீங்க ஒவ்வொருத்தரும் இன்னிக்கு என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. நான் கேக்கணும்."

அபர்டீன் வரும்வரை சொன்னார்கள். லோர்னா தானியக் கிடங்கு ஓரமாக வண்டியை நிறுத்தி எழுதிக்கொண்டாள். இத்தனை நாள் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவ்வளவு பார்க்கக்கூடியவர்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

மறுநாள் பியர்மனிடம் போனாள். இனிமேல் பெரிய இடங்களுக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் போவார்கள், வருகிற கமிஷனும் மூவருக்கும் சமம் என்றாள்.

"ஒரு வாசலுக்கு மூணு பேரா? பெட்ரோல் என்ன ஆறு தண்ணியா லோர்னா?"

"கூஸ் பெண்டுக்கு யாராவது ஒருத்தர் மட்டும் போயிருந்தா வாசல்லயே அனுப்பியிருப்பாங்க. நான் மட்டும் பேசியிருந்தாலும் அதேதான்."

"அப்போ நீ எதுக்கு?"

அவள் யோசித்தாள். "எப்ப உக்காரணும்னு இப்பத்தான் கத்துக்கிட்டேன் சார். பனி விழற வரைக்கும் டைம் குடுத்தீங்க இல்ல? அது வரைக்கும் விடுங்க."

அக்டோபரில் கூஸ் பெண்ட் கையெழுத்துப் போட்டது. அவர்கள் சொல்லி, ஜேம்ஸ் நதிக்கரையில் இன்னும் இரண்டு குடியிருப்புகள் கூப்பிட்டு அனுப்பின. அவற்றில் ஒன்றில் கேலன் வழக்கம்போல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். லோர்னா ஏன் என்று கேட்டாள், காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டாள், சரி என்றாள். பிரிவை மூடுகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

நவம்பரில், முதல் பனி விழுந்த காலையில், கூஸ் பெண்ட் சமையலறையில் புதுத் தண்ணீரைத் திறந்தார்கள். கை வெடித்திருந்த அந்தப் பெண்ணைத்தான் ரெபேக்கா முதலில் முன்னால் தள்ளினாள். அவள் சோப்பு போட்டாள், கழுவினாள், மறுபடி கழுவினாள், பயந்துபோய்த் திரும்பினாள்.

"சோப்பு போகவே மாட்டேங்குது! வழுக்கிக்கிட்டே இருக்கு."

"எப்பவோ போயிடுச்சு," என்றாள் ஜோயல். "இது உன் தோல்தான். இப்படித்தான் இருக்கும்."

அந்தப் பெண் ஒரு விரலால் இன்னொரு கையின் மேல்புறத்தைத் தடவிப் பார்த்தாள். ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. பெண்கள், பிள்ளைகள், கொட்டகையிலிருந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த ஆண்கள், கடைசியில் போதகர். யாரும் அவசரப்படுத்தவில்லை. லோர்னா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போதகருக்குப் பின்னால் போய் நின்றாள்.