தார்ப்பாய் முடிச்சு

மாதத்தின் முதல் ஞாயிறு என்றாலே மஹய்யாவ கிறிஸ்தவ சபையில் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிடும். அன்றைக்குத்தான் திருவிருந்து. தகுதியில்லாமல் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் தொடுகிறவன் கடவுளின் தண்டனையை, ஆக்கினையை, தன் தலையில் தானே இறக்கிக்கொள்கிறான் என்று பாஸ்டர் எச்சரிப்பார். எல்லோரும் கண்ணை மூடித் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். சீட்டு விளையாடியதை நினைத்து யாராவது ஒருவர் மூக்கைச் சிந்துவார். அதோடு சரி, எல்லோரும் சாப்பிட்டுக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கலாராணிக்கு இந்த முறை அப்படி இல்லை. வெள்ளைச் சேலையில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த கைப்பைக்குள் ஒரு கறுப்புக் கயிறு கிடந்தது.

மகள் சிந்துஜாவுக்கு இருதயத்தில் ஓட்டை. விடிந்தால் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன். நேற்று தாதி பிள்ளையின் உடுப்பை மாற்றும்போது இடுப்பில் கிடந்த கயிற்றைக் கத்தரியால் வெட்டித் தாயின் கையில் கொடுத்துவிட்டாள். நல்ல வேளை, கணவன் கணேஸ் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தான்.

மாரியம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு. டாக்டர் ஒப்பரேஷன் என்று சொன்ன அன்றே, ஞானஸ்நானம் எடுத்ததையெல்லாம் மறந்து, யாருக்கும் தெரியாமல் ஓடிப்போய் வாங்கிக் கட்டினாள். தாய் மனசு யாரைக் கேட்டுக்கொண்டு பயப்படும்? ஆனால் கட்டிய பிறகு பயம் இரட்டித்துவிட்டது. சாமிக்கு நேர்த்தி வைத்தே வளர்ந்தவள் அவள். கொடுத்தால் கிடைக்கும், தவறினால் பறிபோகும். சபைக்கு வந்தபோது அந்தப் பயத்தையும் கூடவே கூட்டி வந்துவிட்டாள். நம்முடைய நீதியைக் காட்டி ஒருவரும் கடவுள் முன்னால் நிற்க முடியாது, கிறிஸ்துவின் நீதியை விசுவாசத்தால் சும்மா வாங்கிக்கொள்கிறோம் என்று பாஸ்டர் தொண்டை கிழியப் பிரசங்கிப்பார். அவளும் ஆமென் சொல்வாள். சொல்லிவிட்டு, விசுவாசமும் ஒரு நேர்த்திதான், அது குறைந்தால் பிள்ளை போய்விடும் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொள்வாள்.

இப்போது குடித்தால் ஆக்கினை. தன் தலையில் விழுந்தால் போகட்டும், பிள்ளை தலையில் விழுந்துவிட்டால்? குடிக்காவிட்டால் ஏன் என்று சபையே கேட்கும். இன்று இரசம் பரிமாறுகிறவன் வேறு யாருமில்லை, கணேஸ்தான். பிள்ளைக்காக உபவாசம் இருந்து கன்னம் ஒட்டிப்போனவன். விசுவாசம் என்றால் கணேஸின் விசுவாசம் என்று சபையில் பேச்சு. தன் கள்ளத்தனம் அவனுடைய ஜெபத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்றுதான் அவளுக்குப் பட்டது.

வியர்வை துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள். கயிறுதான் விரலில் அகப்பட்டது. முடிச்சு தட்டுப்பட்டது. அவள் போட்டது சாதாரண முடிச்சு. இது தடிப்பாக, இறுகிக் கிடந்தது. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். லொறியில் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடியிலும் இதே முடிச்சுத்தான். மரக்கறி லொறியில் வேலை செய்யும் கணேஸ் போட்டது.

போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டியது அவன்தான்.

பயம் இப்போது வேறு பக்கமாக வந்து பிடித்தது. தன்னை நம்பாவிட்டாலும் அவன் விசுவாசத்தை நம்பியிருந்தாள். அதுவும் இல்லையென்றால் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

இரசக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு நெருங்கி வந்தது. கணேஸ் அவள் முன்னால் குனிந்தான்.

"எடுத்துக்க கலா."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"நீங்களா கட்டினீங்க?"

"அவுந்து விழுந்திருச்சு." குரல் அவளுக்கு மட்டுந்தான் கேட்டது. "தூக்கி வீசத்தான் போனேன். கை வரல்ல. பயமா இருந்துச்சு."

"உபவாசம் இருந்தீங்களே?"

"அதுவும் அந்தப் பயத்துலதான்."

"அப்ப புள்ளைக்குன்னு நம்மகிட்ட என்னதாங்க இருக்கு?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சும்மா வாங்கிக்கொள்கிறோம். இத்தனை வருசம் ஆமென் போட்ட சொல் இப்போதுதான் அவள் காதில் ஏறியது. ஏறியும் ஆறுதல் தரவில்லை, இன்னும் பயமுறுத்தியது. கையில் ஏதாவது இருந்தால் பேரம் பேசலாம். ஒன்றுமே இல்லாதவள் எதைக் காட்டிக் கேட்பாள்? சும்மாதான் கேட்க வேண்டும்.

கயிற்றையும் கைப்பையையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு கிண்ணத்தை எடுத்தாள். பரிமாறுகிறவன் கடைசியில் குடிப்பதுதான் முறை. அவள் முறையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று கிண்ணத்தை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் முகத்தைத் திருப்பினான்.

"எனக்குத் தகுதியில்ல கலா."

"தெரியும். எனக்குந்தான் இல்ல. குடிங்க."

பக்கத்திலிருந்தவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாஸ்டர் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். கணேஸ் பாதியைக் குடித்தான். மீதியை அவள் குடித்தாள். நாளைக்கு என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் கண்ணை மூடினாள். உபவாசம் இருப்பேன், சபையில் சாட்சி சொல்வேன் என்று எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. புள்ளயப் பாத்துக்கங்க ஆண்டவரே என்று மட்டும் கேட்டாள், பயத்தோடேயே.