நூற்றுப் பன்னிரண்டு படிகள்

ஜெர்மனிக்காரர்கள் காப்பிக்குக் கூப்பிட்டால் காப்பியோடு விடமாட்டார்கள். கேக் உண்டு. கேக் தீர்ந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கோடை விடுமுறையில் போன இடத்தையெல்லாம் சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டுவதும் உண்டு. பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை. 1973 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பான் நகரில் டீட்டர் வீட்டு சோபாவில் பாலச்சந்திரன் அப்படித்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி சியாமளா. அவள் திருச்சியிலிருந்து வந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது.

டீட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவனோடு வேலை செய்பவன். பாய்மரப் படகு என்றால் பைத்தியம். ஜூன் மாதம் அவனும் அவன் மனைவி ஹெல்காவும் கிரேக்க தேசத்தில் ஒரு படகை அமர்த்தி, ஒரு சின்னத் தீவை ஏழு நாள் சுற்றி வந்தார்கள். பாலச்சந்திரனையும் விடாப்பிடியாக அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் பற்றிச் சியாமளாவுக்கு நாலு ஏரோகிராம் எழுதினான், ஓரத்தில்கூட இடம் விடாமல். தெற்கே ஒரு குகை, உள்ளே தண்ணீர் நீலமாக மின்னும். மலையுச்சியில் வெள்ளையடித்த சின்னக் கோயில். அதற்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள், எண்ணிக்கொண்டே ஏறினேன்.

ஒரு படிகூட ஏறவில்லை, பாவி. படகு துறையை விட்டு அரைமணி நேரத்தில் வாந்தி பிடித்துக்கொண்டது. நங்கூரம் போட்ட இடத்திலும் படகு ஆடியது. கரைக்குப் போகும் ரப்பர் தோணியைப் பார்த்தாலே குமட்டியது. ஏழு நாளும் கீழே ஒரு பலகைப் படுக்கையில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். சாயங்காலம் வந்து டீட்டர் சொன்ன கதையைத்தான், தன் காலால் நடந்த மாதிரி எழுதினான்.

இது சின்னப் பொய், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் நாலாவது ஏரோகிராமின் கடைசி மடிப்பில் ஒரு பெரிய பொய் இருந்தது. 'வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள். நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வா.' சியாமளா நிரந்தர வேலையில் இருந்த கணக்கு டீச்சர். இவன் வேலையை யாரும் நீட்டவில்லை, மார்ச்சோடு முடிகிறது. இரண்டு வருஷமாக ஒற்றை அறையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. அவள் வர வேண்டும், அவ்வளவுதான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இன்று சுவரில் சின்னப் பொய் உடைந்தால் பெரியதும் சேர்ந்து உடையும்.

ஸ்லைடு இயந்திரம் கடக் என்றது. கடல்.

"அடுத்தது குகை வரும் பாருங்க" என்றாள் சியாமளா. கடிதங்கள் அவளுக்கு மனப்பாடம். குகை வந்தது.

"பாலா, நீ இதைப் பார்க்கவே இல்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்" என்றான் டீட்டர், ஜெர்மன் மொழியில்.

"என்ன சொல்றார்?"

"தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்ததாம்" என்று மொழிபெயர்த்தான் பாலச்சந்திரன். காலை மாற்றிப் போட்டுக்கொண்டான். கேக் தட்டை எடுத்தான், வைத்தான். பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்காமலே கடிகாரத்தைப் பார்த்தான்.

கடக். வெள்ளைக் கோயில், அதன் வாசலில் ஹெல்கா. சியாமளா ஹெல்கா பக்கம் திரும்பி, நூற்றுப் பன்னிரண்டு படிகள் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஹெல்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அதை எண்ணினது நான்தானே, இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"நீ கரெக்ட்டா சொல்றேன்னு பாராட்டறாங்க" என்றான் பாலச்சந்திரன்.

கடக். சுவர் முழுக்க அவனே வந்தான். கண் மூடியிருந்தது, முகம் வாழைத்தண்டு நிறம், மார்போடு வாளி. டீட்டர் தொடையைத் தட்டிச் சிரித்தான். இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"ஐயோ பாவம்" என்றாள் சியாமளா, அவளும் சிரித்துக்கொண்டு.

"ஒரு நாள் கொஞ்சம் உடம்பு சரியில்லை."

கடக். அதே வாளி, வேறு சட்டை. கடக். மூன்றாவது சட்டை. படுபாவி டீட்டர் தினம் ஒன்றாக எடுத்து வைத்திருந்தான். ஏழு ஸ்லைடுகள் ஓடி முடிவதற்குள் பாலச்சந்திரனுக்கு மறுபடியும் படகிலேயே கிடப்பது போலத் தலை சுற்றியது. சியாமளா நாலாவது சட்டையோடு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வெளியே வந்தார்கள். எண்ணெய்த் தட்டுப்பாட்டினால் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த சமயம் அது. ஊரே நடுரோட்டில் கைகோத்து உலாத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், நடக்கலாம் என்றாள் சியாமளா. ரைன் நதிப் பாலம் வரை அவள் ஒரே சீராக நடந்தாள். அவனுக்கு ஒரு நிலையில் நடக்க முடியவில்லை. நாலடி முந்துவான், நிற்பான், மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொள்வான்.

"என்னங்க" என்றாள் பாலத்தின் நடுவில். "அந்த மூணு வருஷம்?"

இன்னொரு பொய்க்கு நேரம் இருந்தது. அவனிடம் தெம்பு இல்லை.

"மார்ச்சோட முடியுது."

"தெரியும்."

அவன் நின்றுவிட்டான். அவள் நிற்காததால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. கல்யாணமான புதுசுல பஸ்ல கொடைக்கானல் போனோமே. வத்தலகுண்டு தாண்டறதுக்குள்ள என் புதுத் துண்டை நாசம் பண்ணினீங்க. அப்படிப்பட்ட மனுஷர் ஏழு நாள் கடல்ல இருந்தாராம், நாலு லெட்டர்ல வாந்திங்கிற பேச்சே இல்லை. முதல் லெட்டர்லயே சந்தேகம் வந்துடுச்சு. நாலாவதுல மூணு வருஷம்னு வந்தா எப்படி நம்புவேன்?"

"அப்போ உன் வேலை?"

"விடலை. இந்த ஸ்கூல் வருஷம் முடியற வரைக்கும் சம்பளமில்லாம லீவு போட்டிருக்கேன். ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப போய்ச் சேரணும்."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அந்த அப்பாடா பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வெட்கமாக மாறிவிட்டது. பத்து வாரமாக அவன் புரண்டு படுத்ததையெல்லாம் இவள் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் கேக்கலை?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லக் கேட்டான்.

"பொய்னு தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"ரெண்டு வருஷமா எத்தனை லெட்டர் போட்டீங்க. தனியா இருக்கேன்னு மட்டும் ஒண்ணுலகூட எழுதலை. வாந்தியை எழுதாத மாதிரியே அதையும் எழுதலைன்னு புரிஞ்சது. அதான் வந்தேன்."

எதிரே வந்த ஜெர்மன் தம்பதிகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் பாலச்சந்திரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் படியை நான் ஏறி எண்ணணும்" என்றாள் அவள். "டீட்டரைக் கேளுங்க."

"எனக்குப் படகு ஆகாது, சியாமளா."

"தெரியும். பழைய துண்டா எடுத்துட்டு வரேன்."