சிஸ்டர் தைக்கும் துணி

...இல்லை, இன்னமும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார், உள்ளே என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள், இந்த அம்மா மூலையில் முக்காலி போட்டு வெள்ளைத் துணி ஒன்றுக்கு ஓரம் தைக்கிறார், பிரசவம் பார்க்க வந்தவரா, தையல் வகுப்பு எடுக்க வந்தவரா... நான் பேசிக்கொண்டே இருந்தால் குழந்தை வெளியே வர யோசிக்குமாம், அதனால் எனக்கு வராந்தா பெஞ்சு, அதைக் கேட்டு மாப்பிள்ளை சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை, சிரிக்கட்டும், கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது, எனக்கு அது போதும். மணி பன்னிரண்டே கால். ஒரு மணிக்குள் தலை இறங்காவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார், வண்டி வாசலில் தயாராக நிற்கிறது, டிரைவர் காலை நீட்டித் தூங்குகிறார், அது போகுமிடம் அதே பெரிய ஆஸ்பத்திரி, அதே வார்டு... இவளுடைய மூத்தவன் அங்கேதான் பிறந்தான், படு என்றார்கள், கத்தாதே என்றார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் கத்தரித்தார்கள், ஒரு வருஷம் இவள் நேராக உட்காரவில்லை. “திரும்ப அங்க மட்டும் வேணாம்மா” என்று காலையில் என் கையைப் பிடித்தாளே, அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் சிவப்பாக இருக்கிறது.

சிஸ்டரும் அதே வார்டில் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தவர்தான், எதற்கு இந்த அவசரம் என்று பெரிய டாக்டரை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, நரைத்த தலையோடு மருத்துவச்சிப் படிப்புக்குப் போனவர், பிரசவ இல்லம் தொடங்க மடத்துப் பெரிய சிஸ்டர் மூன்று வருஷம் முடியாது என்றார், இவர் மூன்று வருஷமும் கேட்டார், கடைசியில் மடத்தின் பழைய சலவைக்கூடம் கிடைத்தது, நாலு கட்டில், ஒரு சிலுவை... எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர்வீடு, மாடியில் துணி எடுக்கப் போனால் இந்த ஜன்னல் கண்ணில் படாமல் இருக்குமா? தையல் சிஸ்டர் என்று பட்டம் வைத்ததும் நான்தான். பெறாதவருக்கு என்ன தெரியும், சும்மா உட்கார்ந்து துணி தைக்கிறார் என்று தெருவெல்லாம் சொன்னதும் நான்தான், அதைக் கேட்டு ரெண்டு பெண்கள் இங்கே வராமல் அந்த வார்டுக்கே போனதும்... சரி, அது இப்போது எதற்கு?

பன்னிரண்டே முக்கால். ஊசி நின்றுவிட்டது. சிஸ்டர் எழுந்தார், குழந்தையின் துடிப்பு கேட்கும் மரக்குழாயை இவள் வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார், நிமிர்ந்தார், நேராகக் கதவுக்கு வந்தார், டிரைவரைக் கூப்பிடத்தான் என்று நான் எழுந்துவிட்டேன். “உட்காருங்கம்மா, தலை தெரியுது. இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று துணியை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தலை தெரிகிறதா... வண்டி வேண்டாமா... ஊசி விரலில் குத்திவிடுமோ என்று பார்த்தால், ஊசியில் நூல் இல்லை. அறுந்துபோனதோ? துணியைத் திருப்பினேன், ஒரு தையல்கூட இல்லை, ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாய் ஓட்டைகள், வருஷக்கணக்கில் குத்திய ஓட்டைகள். அப்படியென்றால் காலையிலிருந்து இவர் என்னதான்... ஆனால் இவளுடைய கால்விரல் மடங்கியபோதெல்லாம் தண்ணீர் நீட்டினாரே, மூச்சு மாறியதும் மாப்பிள்ளையை முதுகைத் தேய்க்கச் சொன்னாரே, துணியிலிருந்து தலையையே நிமிர்த்தாமல்... அப்போது கேட்டது குழந்தையின் அழுகை, கூடவே என் மகளின் சிரிப்பு, ஆமாம், சிரிப்புதான், அந்த வார்டில் கேட்காத சத்தம்.

பேத்தியைக் காட்டிவிட்டுச் சிஸ்டர் துணியை வாங்கிக்கொண்டார். நான் ஊசியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். “உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா எந்தப் பொண்ணுக்கும் உடம்பு விட்டுக்கொடுக்காதும்மா. நீங்க மாடியில நின்னு அந்த நீலத் துண்டையே அரை மணி நேரம் மடிக்கிறீங்களே, அந்த வேலைதான் இதுவும்” என்றார், சிரிக்கக்கூட இல்லை. அடிப்பாவி, இத்தனை வருஷமாய் அவரும் ஜன்னல் வழியே என்னை... சாயங்காலம் தெருவே வாசலில் கூடும், என் ஆயுளிலேயே இவ்வளவு பெரிய சேதி கையில் கிடைத்ததில்லை, நாக்கு இப்போதே நமநமக்கிறது, ஆனால் சொல்லிவிட்டால் அடுத்து வருகிறவள் வலியை விட்டுவிட்டு ஊசியைத்தானே பார்ப்பாள்? வராமல் போன ரெண்டு பேரில் ஒருத்திக்கு இப்போது மறுபடியும் எட்டாம் மாதம். அவளை இங்கே வரவைக்க வேண்டும்... ஊசியைப் பற்றிச் சொல்லாமல், எதைச் சொல்லி?