மூன்று மில்லிமீற்றர்

1

ஒரு கையெழுத்தை வைக்க மறுத்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. மறுத்தவள் வதனா. 'நான்' என்று எழுதினால் பேனை நின்றுவிடுகிறது. அதனால் அவளை வதனா என்றே வைத்துக்கொள்வோம்.

1994 மார்ச். டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு, ஒன்பதாம் மாடி. அன்று காலை வானம்…

(இது வேண்டாம். அன்று வானத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒற்றைக் கோட்டால்தான் வெட்டுகிறேன், நீங்கள் வாசிக்கலாம்.)

2

வதனாவின் கணவர் மகேஸ்வரன் லேசர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ரெக்னீசியன். அங்கே அதிர்வு ஏறாதபடி மேசைகள் காற்று மெத்தையில் மிதக்கும். தெருவில் லொறி போனாலும் ஒளி அசையக் கூடாது. குறிப்புக் கொப்பிக்கும் சட்டம் இருந்தது. பேனையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்ட வேண்டும். பக்கத்தின் அடியில், சோதனையில் சம்பந்தப்படாத ஒருவர் 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

ஒருமுறை குடும்பங்களையும் உள்ளே விட்டார்கள். சப்பாத்துக்கு மேலே நீல உறை மாட்டிக்கொண்டு, மங்கலான குளிர் அறையில், "மெல்ல நடவும்" என்று அவர் அவளுடைய காதுக்குள் சொன்னார்.

(இந்தப் பந்தி கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.)

3

நிலையம் கழித்துவிட்ட சின்ன லேசர் ஒன்றை அவர் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்ரூலில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு, ஒளி அதில் பட்டுத் திரும்பி எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றிப் பென்சில் வட்டம். வதனா நடந்தால் புள்ளி ஆடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அன்று தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் இரண்டு அடி வைத்தாள். அவர் புள்ளியை அளந்து, வீட்டுக்கென்று வைத்திருந்த குறிப்புக் கொப்பியில் எழுதிவிட்டு நீட்டினார். (சம்பந்தப்பட்டவளையே சாட்சிக்குக் கேட்டது சட்டமீறல்தான். வீட்டில் வேறு ஆள் இல்லை.)

"சைன் வையும்."

"உது பொய். கெனடி றோட்டில பஸ் போயிருக்கும்."

"புள்ளிக்கு உம்மில என்ன கோவம்?"

"நான் வைக்க மாட்டன்."

"சரி, பின்னேரம் திரும்ப அளப்பம். வாறன்."

பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில், சப்வே ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். எழும்பவில்லை.

4

ஒரு முடிவு: வதனா சிரித்துக்கொண்டு கையெழுத்து வைக்கிறாள், அந்த ஒரு நிமிடம் பிந்தியதால் அவர்… (வெட்டு. ஒரு நிமிடத்தால் நெஞ்சு சுகப்படாது.)

இன்னொன்று: செத்தவீடு முடிந்து, அவர் அளந்த நாளின் திகதியைப் போட்டே வைத்துவிடுகிறாள். (வெட்டு. பேனையைத் திறந்தாள், மூடினாள். திகதியில் பொய் எழுதுவதை அவர் பொறுக்கமாட்டார்.)

நடந்தது இதுதான். புள்ளி ஆடியதை வதனா பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பொய் என்றாள். விளையாட்டுக்குச் சொன்னது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா? இவ்வளவும் எழுதியது அதற்காகத்தான்.

நான் சாட்சிக் கையெழுத்து வைக்க முடியாது, சம்பந்தப்பட்டவள். நீங்கள் அப்படியில்லை. கடைசிப் பதிவைக் கீழே தருகிறேன். விளங்கினால் அடியில் கையெழுத்து வையுங்கள், இன்றைய திகதியோடு.

காலை 7.40. வதனா, இரண்டு அடி. புள்ளி மூன்று மில்லிமீற்றர் ஆடியது.